நீலத்திரையும் கறுப்புத்திரையும்: நம்மூர்ப் பிள்ளைகள் கோடு எழுதப் பழகிய கதை

பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஆடுவதற்காக டாஸ்பாக்ஸ் என்று ஒரு எமுலேட்டர் 2002-ல் வந்தது. தேனி, கம்பம் பக்கம் நான் பார்த்த பல கல்லூரி மாணவர்களின் லேப்டாப்பில் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது விளையாட்டு இல்லை, டர்போ சி++. 1990-களின் தொடக்கத்தில் வந்த மென்பொருள் அது. விண்டோஸின் 64-பிட் பதிப்புகளில் 16-பிட் டாஸ் மென்பொருள் ஓடாது. அதனால் புதுக் கணினிக்குள் ஒரு பொய்யான பழைய கணினியை உருவாக்கி, அதற்குள் அந்த நீலத்திரையை ஓட்டினார்கள்.

சி மொழி செத்துப்போய்விட்டதா? இல்லை. 1972 வாக்கில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய அந்த மொழி இன்றும் நன்றாகவே இருக்கிறது. இலவச கம்பைலர்கள் கிடைக்கின்றன. அப்புறம் ஏன் ஒரு மென்பொருளுக்கு இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்தோம்? நான் கொஞ்ச காலமாகத் தோண்டிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. பிஇ சேர்ந்த மருமகன்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "மாமா, கோடிங் பழக ஐடிஇ தனியா போடணுமா, இல்ல சும்மா ஒரு எடிட்டர் போதுமா?" ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பதில் ஏன் சரி என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

முதலில் இரண்டும் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கவாத்து வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரி உண்டு. வெட்டு சுத்தமாக விழும், கொடி பிளக்காது. அரிவாளால் அந்த வேலையை அவ்வளவு நறுவிசாகச் செய்ய முடியாது. ஆனால் விறகு வெட்ட, வேலி முள் அறுக்க, ஆட்டுக்குக் குழை ஒடிக்க எல்லாவற்றுக்கும் அரிவாள்தான். கத்தரியை எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்கள்.

ஐடிஇ என்பது கத்தரி. ஒரு மொழிக்கோ ஒரு வகை வேலைக்கோ என்று செய்தது. எழுதுவது, கம்பைல் செய்வது, ஓட்டுவது, பிழை தேடுவது எல்லாம் ஒரே ஜன்னலுக்குள். டெக்ஸ்ட் எடிட்டர் என்பது அரிவாள். சி நிரலும் எழுதலாம், கடிதமும் எழுதலாம், சர்வரின் அமைப்புக் கோப்பையும் திருத்தலாம். அதற்கு எல்லாமே வெறும் எழுத்துதான். கம்பைல் செய்வது வேறொரு நிரலின் வேலை. அதை நாம்தான் கறுப்புத்திரையில் கட்டளை தட்டிக் கூப்பிட வேண்டும்.

நீலத்திரை வந்த வழி

1980-களின் தொடக்கத்தில் ஒரு சிறிய கணினியில் நிரல் எழுதுவது எப்படி இருந்தது என்று கற்பனை செய்து பாருங்கள். எடிட்டரைத் திறந்து எழுதி, சேமித்து, எடிட்டரை மூட வேண்டும். ஃப்ளாப்பியில் இருந்து கம்பைலரை ஏற்ற வேண்டும். பிறகு லிங்கர். எங்கோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலில் இருந்து.

1983 நவம்பரில் போர்லேண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை வெளியிட்டது. உள்ளே இருந்த கம்பைலரை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்காரர். எடிட்டரும் கம்பைலரும் ஒரே நிரலுக்குள், நினைவகத்திலேயே உட்கார்ந்திருந்தன. பிழை வந்தால் கர்சர் அந்த வரிக்கே போய் நிற்கும். விலை 49.95 டாலர், மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலர் விற்ற காலம் அது. ஹெய்ல்ஸ்பெர்க் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் இவர் மறுபடியும் வருவார்.

அதே வழியில் 1987-ல் டர்போ சி வந்தது. பாப் ஜெர்விஸ் என்பவர் எழுதிய விசார்ட் சி என்ற கம்பைலரை வாங்கி, போர்லேண்ட் தன் பாணி உறையைப் போர்த்தியது. 1990-ல் டர்போ சி++. நாங்கள் பார்த்த நீலத்திரை இதுதான்.

நான் கல்லூரிக்குள் நுழைந்தபோது எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2001-ல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். தேனி மாவட்டத்தில் அரசு பொறியியல் கல்லூரி என்று போடியில் ஒன்று வந்ததே 2012-ல். அதனால் எங்கள் செட்டில் பிஇ என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் ஹாஸ்டலுக்குப் போவதுதான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் லேபில் வரவேற்றது அதே நீலத்திரை. கண்ட்ரோல் எஃப்9 அடித்தால் ஓடும். ஆல்ட் எஃப்5 அடித்தால் விடை தெரியும்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் காலத்துக்கு அது அருமையான கருவி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டளையின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல் எஃப்1 அடித்தால், அது என்ன செய்யும் என்ற விளக்கம் உதாரண நிரலோடு வரும். இன்டர்நெட் என்றால் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்த்த காலத்தில், அந்த உதவிப் பக்கம்தான் பல பேருக்கு வாத்தியார். நானும் அதில் படித்தவன்தான். யஷ்வந்த் கானேத்கரின் புத்தகம், பாலகுருசாமியின் புத்தகம், இந்த உதவிப் பக்கம் இந்த மூன்றையும் வைத்தே ஒரு தலைமுறை சி படித்தது.

சூழலின் குணமும் மொழியின் குணமும்

சிக்கல் எங்கே ஆரம்பித்தது? மொழி வளர்ந்தது, சூழல் நின்றுவிட்டது.

சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் 1998-ல் வந்தது. டர்போ சி++ அதற்கு முந்தையது. தரத்தில் உள்ள நேம்ஸ்பேஸ், உண்மை/பொய் என்பதற்கான 'பூல்' வகை எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் லேப் மாறவில்லை. லேப் மாறாததால் ரெக்கார்டு நோட்டும் மாறவில்லை. ரெக்கார்டு நோட்டு மாறாததால் வினாத்தாளும் மாறவில்லை. சீனியர் நோட்டை ஜூனியர் பார்த்து எழுதினால் போதும் என்றால், பதினைந்து வருஷம் ஒரு மென்பொருளை உயிரோடு வைத்திருக்க வேறென்ன வேண்டும்?

இதனால் ஒரு விநோதம் நடந்தது. அந்த மென்பொருளின் குணங்களை மொழியின் குணங்கள் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். "சி மொழியில் இன்ட் 2 பைட், அதிகபட்சம் 32767" என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது 16-பிட் கம்பைலரின் கணக்கு. இன்றைய கணினிகளில் சாதாரணமாக 4 பைட். நிரலின் முதல் வரியில் திரையைத் துடைக்க ஒரு கட்டளை, கடைசி வரியில் ஒரு விசைக்காகக் காத்திருக்க ஒரு கட்டளை என்று எழுதாத மாணவர் கிடையாது. இரண்டுமே 'கோனியோ' என்ற கோப்பில் இருந்து வருபவை. அந்தக் கோப்பு சி தரத்தில் இல்லவே இல்லை. 'வாய்ட் மெயின்' என்று ஆரம்பிக்கும் வழக்கத்தையும் எச்சரிக்கைகளை இயக்கிவைத்தால் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கையோடுதான் வாங்கிக்கொள்ளும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு இதன் விலை எனக்குத் தெரிந்தது. லாஜிக் நன்றாக எழுதும் பிள்ளை, நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. லினக்ஸ் முனையத்தைக் கொடுத்து "ஓட்டிக் காட்டுப்பா" என்றால் கை நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு சி தெரியும், ஆனால் சி எங்கே முடிகிறது, டர்போ சி எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பொத்தானுக்குக் கீழே முன்செயலி, கம்பைலர், லிங்கர் என்று மூன்று படிகள் இருப்பதே தெரியாது. சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு அண்ணனோ அத்தையோ இருந்திருக்கலாம். சின்னமனூரில் இருந்து முதல் தலைமுறையாக வரும் பிள்ளைக்கு லேப் தவிர வேறு வாசல் இல்லை.

கறுப்புத்திரையின் வழி

எடிட்டர்களின் வம்சம் இதைவிடப் பழையது. 1969 வாக்கில் யூனிக்ஸோடு சேர்ந்து கென் தாம்சன் 'இடி' என்ற எடிட்டரை எழுதினார். அதில் கோப்பு முழுதாகத் திரையில் தெரியாது, வரி வரியாகக் கேட்டு வாங்க வேண்டும். 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய் 'விஐ' எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு எம்ஐடியில் ரிச்சர்டு ஸ்டால்மன் கையில் ஈமேக்ஸ் உருவானது. இன்று நாம் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸ் 1985-ல் வந்தது. 1991-ல் நெதர்லாந்துக்காரர் ப்ராம் மோலினார் விஐ-யைப் பின்பற்றி விம் எடிட்டரை வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை அதைப் பராமரித்தார். மென்பொருள் இலவசம், பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

விஐ-யில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்ற எழுத்துகளை அடிக்க வேண்டும். என்ன கிறுக்குத்தனம் இது என்று எங்கள் யூனிக்ஸ் லேபில் நாங்கள் திட்டாத நாள் இல்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது. பில் ஜாய் உபயோகித்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நாலு எழுத்துகளின் மேல்தான் அச்சடிக்கப்பட்டிருந்தன. இன்னொன்று, அவர் வீட்டில் இருந்து வேலை செய்த மோடத்தின் வேகம் 300 பாட். விநாடிக்கு முப்பது எழுத்துதான் வரும். அதனால் குறைந்த விசையில் நிறைய வேலை நடக்கிற மாதிரி எடிட்டரை வடிவமைத்தார்.

இந்தத் தகவலின் அருமை எனக்கு 2020-ல்தான் உறைத்தது. ஊரடங்கில் ஊருக்கு வந்து வீட்டு மாடியில் இருந்து வேலை பார்த்தேன். மேற்கே மலை, இங்கே சிக்னல் ஒரு கோடு. ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலக ஐடிஇ-யைத் திறந்தால், எழுத்தை அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். அதே சர்வரில் முனையம் வழியாக விம் திறந்தால் வேலை ஓடியது. மெதுவான மோடத்துக்காகச் செய்த கருவி, நாற்பத்து நாலு வருஷம் கழித்து மலையடிவாரத்தில் கைகொடுத்தது.

அதற்காக எடிட்டர்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அதன் பலவீனமும் பெரியது. எடிட்டருக்கு எல்லாம் வெறும் எழுத்து என்றேன் அல்லவா? தெருவில் நாலு முருகன் இருக்கிறார்கள் என்று வையுங்கள். "முருகன் என்று வரும் இடமெல்லாம் செல்வம் என்று மாற்று" என்று எடிட்டரிடம் சொன்னால் நாலு பேரையும் மாற்றிவிடும், முருகன் கோவிலையும் சேர்த்து. எந்த முருகன் என்று அதற்குத் தெரியாது. ஐடிஇ நிரலை இலக்கணப்படி பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பெயரும் எங்கே பிறந்தது, எங்கெல்லாம் கூப்பிடப்படுகிறது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கும். மூன்றாவது வீட்டு முருகனை மட்டும் மாற்றச் சொன்னால் அவரை மட்டும் மாற்றும். 2001-ல் வந்த ஜெட்பிரைன்ஸின் இன்டெலிஜே, அதே ஆண்டு ஐபிஎம் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் இரண்டும் ஜாவாக்காரர்களைக் கட்டிப்போட்டது இந்த வித்தையால்தான். லட்சக்கணக்கான வரிகள் உள்ள ப்ராஜெக்டில் இது சொகுசு இல்லை, அத்தியாவசியம்.

தண்டவாளத்தின் அகலம்

மதுரை–போடி ரயில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு காயம். மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்குகிறோம் என்று 2010 முடிவில் நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். பழைய பெட்டியில் குறையா, எஞ்சினில் குறையா? இல்லை. தண்டவாளத்தின் அகலம் நாட்டின் மற்ற பாதைகளோடு ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்ய எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

ஐடிஇ-யில் எனக்கு உள்ள பயமும் இதுதான். கருவி நன்றாக இருக்கும். ஆனால் ப்ராஜெக்டை எப்படிக் கட்டுவது என்ற விவரத்தை அது தன் சொந்தக் கோப்பில், தன் சொந்த அகலத்தில் வைத்துக்கொள்ளும். கருவி போனால் பாதையும் போகும். ஆண்ட்ராய்டு ஆப் எழுதியவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். எக்லிப்ஸுக்கான சொருகியில்தான் எல்லோரும் பழகினார்கள். 2013-ல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அறிவித்த கூகுள், 2015 முடிவோடு பழையதற்கு ஆதரவை நிறுத்தியது. ப்ராஜெக்டைக் கட்டும் முறையும் ஆன்ட்டில் இருந்து கிரேடிலுக்கு மாறியது. எந்தக் கோப்பு எதற்கு என்று தெரிந்தவர்கள் சில நாளில் மாறினார்கள். பொத்தான் மட்டும் தெரிந்தவர்கள் திணறினார்கள். எடிட்டர்களுக்கும் சாவு உண்டுதான். 2014-ல் வந்த ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடினார்கள். ஆனால் அதில் எழுதிய கோப்பை மறுநாள் வேறு எடிட்டரில் திறப்பதற்கு யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தப் பாடம் ரொம்ப முன்னாலேயே தெரியும். 1990-களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. பாமினியில் அடித்த கட்டுரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். கட்டுரை எழுதியவருடையதா, எழுத்துரு விற்றவருடையதா என்று சந்தேகம் வரும் நிலைமை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் ஒரு பொது விசைப்பலகைக்கும் டாம், டேப் குறியாக்கங்களுக்கும் வந்தார்கள். பிறகு யூனிகோடு பரவியது; 2010-ல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. இன்று இந்தப் பதிவை நீங்கள் எந்தக் கருவியிலும் வாசிக்க முடிவது, எழுத்து தன் கருவியில் இருந்து விடுதலை ஆனதால்தான். நிரலுக்கும் அதே விதி பொருந்தும்.

தமிழிலேயே நிரல் எழுதலாம் என்று முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இதில் ஒரு நல்ல உதாரணம். திரையில் அச்சிட 'பதிப்பி' என்று எழுத வேண்டும். மாணவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்வதே தடையாக இருக்கும் என்பதால், அந்த மொழிக்கென்றே 'எழுதி' என்ற செயலியையும் உருவாக்கினார். தடை இருக்கும் இடத்தில் தனிச் சூழல் நியாயமானது. ஆனால் எழில் நிரல் யூனிகோடு எழுத்தில் உள்ள சாதாரணக் கோப்புதான், எழுதி இல்லாவிட்டாலும் அது வாழும். இதைத்தான் நல்ல முறை என்பேன்.

இங்கே கறுப்புத்திரையின் குறையையும் சொல்ல வேண்டும். முனையம் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும். 'கொ' போன்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்பது அந்தக் கட்டங்களுக்குப் புரியாது. பல முனையங்களில் தமிழ் உடைந்து, கர்சர் தடுமாறும். நான் விம்மில் கோடு எழுதினாலும் தமிழ்க் கட்டுரைகளை வேறு எடிட்டரில்தான் எழுதுகிறேன்.

பாடநூலும் மலைக்கு அந்தப் பக்கமும்

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது? 2011-ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். சென்னை சி-டாக்கில் உருவானது அது. முனையமும் எடிட்டரும் கம்பைலரும் லினக்ஸ் உலகத்தின் அன்றாடச் சாமான்கள். கதவு வீட்டுக்கே வந்தது. ஆனால் அதைத் திறந்து காட்ட பாடத்திட்டத்தில் ஆள் இல்லை. நான் விசாரித்த வீடுகளில் அந்த இரண்டாவது கதவு சும்மாவே கிடந்தது.

2018-ல் பாடநூல்கள் மாறின. பதினொன்றாம் வகுப்பில் சி++ பழக டெவ்-சி++ வந்தது. 2019-ல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான், அதற்கு ஐடில். நீலத்திரையில் இருந்து இது பெரிய முன்னேற்றம். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போர்லேண்டின் கம்பைலர், ஐடிஇ பிரிவை 2008-ல் எம்பார்காடெரோ வாங்கியது. அதே எம்பார்காடெரோதான் 2020-ல் டெவ்-சி++ஐயும் புதுப்பித்து வெளியிட்டது. சுற்றிச்சுற்றி அதே வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று பிடித்தது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் சி++ நிரலைப் பைத்தானில் இருந்து ஓட்டுவது என்று ஒரு பாடம். அங்கே நிரலை நோட்பேடில் தட்டச்சு செய்து, கட்டளைத் திரையில் ஓட்டச் சொல்கிறார்கள். இரண்டு மொழிகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றதும், இரண்டின் தனிச் சூழலும் உதவாமல் போய் நோட்பேடுக்கே வர வேண்டியிருக்கிறது. அந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காகத் தாண்டிப் போகாதீர்கள் என்று நான் பார்க்கும் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்கிறேன்.

லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அந்தப் பக்கம் கதை வேறு. கேரளாவில் 2001-ல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையும் அதே ஆண்டு திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. ஏலக்காய் ஒன்று, மழை ஒன்று, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஒன்று; பத்தாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும் திரை மட்டும் வேறு. எந்தக் கருவியில் பழகுகிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறோம். உண்மையில் பாதித் தேர்வை எந்த மாநிலத்தில் பிறந்தோம் என்பதே செய்துவிடுகிறது.

பாடத்திட்டம் விட்ட இடத்தைப் பிடிக்க ஆட்கள் இல்லாமலும் இல்லை. 2012-ல் இருந்து கணியம் இதழ் தமிழிலேயே லினக்ஸ், பைத்தான் என்று எழுதிக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறது. தேனியிலும் அப்படி ஒன்று வளர வேண்டும் என்பது என் ஆசை.

சுவர் இடிந்தது

இப்போது ஹெய்ல்ஸ்பெர்க்குக்குத் திரும்புவோம். டர்போ பாஸ்கல் எழுதியவர் 1996-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். சி ஷார்ப் வடிவமைத்தார். 2012-ல் அவர் குழு டைப்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. எக்லிப்ஸின் ஜாவா பகுதிக்குத் தலைமை வகித்த எரிக் காமா 2011-ல் அங்கேயே சேர்ந்து, ஒரு எடிட்டர் கட்ட ஆரம்பித்தார். 2015 ஏப்ரலில் அது விஎஸ் கோட் என்ற பெயரில் வெளியானது, எழுதியது டைப்ஸ்கிரிப்டில். அதாவது ஐடிஇ உலகத்தின் இரண்டு மேஸ்திரிகள் வயதான காலத்தில் சேர்ந்து செய்தது ஒரு எடிட்டர்!

2016 ஜூனில் ரெட்ஹேட், கோடன்வி நிறுவனங்களோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் இன்னொன்றை அறிவித்தது: லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால். கணக்கு எளிமையானது. பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக எழுத இருநூறு சொருகிகள் வேண்டும். நடுவில் பொதுவான பேச்சுமுறை ஒன்று வைத்தால்? மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு இணைப்பு, மொத்தம் முப்பதுதான். எந்த முருகன் என்ற அறிவை ஐடிஇ-யின் வயிற்றில் இருந்து எடுத்துத் தனி நிரலாக்கிவிட்டார்கள். விம்மும் கேட்கலாம், ஈமேக்ஸும் கேட்கலாம். அகலப்பாதை போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கத்தரியா அரிவாளா என்ற சண்டையே பாதி முடிந்துவிட்டது. விஎஸ் கோடை நிறுவும்போது அது எடிட்டர். சொருகிகள் போடப்போட ஐடிஇ ஆகிறது. இன்று வரும் ஏஐ எடிட்டர்கள் பலவும் அதன் மூலநிரலில் இருந்து கிளைத்தவைதான். அங்கே பொத்தான் இன்னும் பெரிதாகிவிட்டது. டர்போ சி கம்பைலரை மறைத்தது, இவை எழுதும் வேலையையே மறைக்கின்றன. பழைய கேள்வியே புது வேஷத்தில் வந்து நிற்கிறது: கீழே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

சரி, எதை எடுப்பது?

என் பதில் இது. முதல் ஆறு மாதம் ஒரு சாதாரண எடிட்டரும் முனையமும் போதும். நானோ, ஜியானியோ, விம்மோ, சொருகி போடாத விஎஸ் கோடோ, எதுவானாலும் சரி. கம்பைல் கட்டளையைக் கையால் தட்டுங்கள். பிழைச் செய்தியை வாசியுங்கள். பழைய, ரேம் குறைந்த லேப்டாப்பிலும் இது ஓடும், கரண்ட் போகும் முன் சேமித்ததும் கோப்பில் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டு வேலை என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, பெரிய ஜாவா ப்ராஜெக்ட் என்றால் இன்டெலிஜே. கூச்சமே வேண்டாம். கவாத்துக்குப் போகும்போது கத்தரியை எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

எந்தக் கருவியில் இருந்தாலும் மாதம் ஒருமுறை ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டு, அந்த ஐடிஇ இல்லாத நண்பர் கணினிக்கு எடுத்துப் போங்கள். கம்பைலர் மட்டும் இருக்கட்டும். முனையத்தில் கட்டளை தட்டி அதை ஓடவைக்க முடிந்தால் அந்த நிரல் உங்களுடையது. முடியாவிட்டால் என்ன விடுபட்டது என்று தேடுங்கள். அந்தத் தேடலில் ஒரு சாயங்காலம் போகும். போகட்டும், செமஸ்டர் முழுக்க லேபில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.